பி.எஃப். பணத்தில் ஒரு தாலிக்கொடி

எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. வீட்டுக்காரர் "பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போட்டேன். மாத்திரைக்கு அடங்குகிற கோபமா இது?

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே சொல்லுங்கள்.

என் மூக்குத்தியின் திருகாணி தொலைந்துவிட்டது. புதுசாக ஒன்று வாங்கலாம் என்று சனிக்கிழமை காலையில் விருதுநகர் பஜாரில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். திருகாணி வாங்க வந்தவளுக்கு நகைக்கடையில் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓரமாக ஒரு ஸ்டூல் கொடுத்து, "இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காபி, கலர் சோடா எல்லாம் தாலிக்கொடி வாங்குகிறவர்களுக்கு.

அப்போது கவுண்டரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"இதைவிடக் கனமா இல்லையா?"

"இதுக்கு மேலயாம்மா? இதுவே வடக்கயிறு மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர்.

"எம்புட்டுக் கனமா செய்ய முடியுமோ அம்புட்டுக் கனமா காட்டுங்க. பாக்க நல்லா இல்லாட்டியும் பரவால்ல."

நகைக்கடையில் உட்கார்ந்துகொண்டு 'பார்க்க நல்லா இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்று சொல்கிற பெண்ணை என் ஆயுளில் நான் கண்டதில்லை. யாருடா இந்த மகராசி என்று எட்டிப் பார்த்தேன்.

முத்துமாரி!

முத்துமாரி என் சித்தி மகன் காளிராஜின் மனைவி. சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் குடியிருக்கிறாள். அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் வேலை. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் சேர்ந்தவள், பேத்தி பிறந்த பிறகும் அதே கம்பெனி. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடக்கும். அவளைத்தான் தாலிக்கொடிகளுக்கு நடுவில் பார்க்கிறேன்... கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

ஏன் இவ்வளவு ஆச்சரியம் என்று கேட்பீர்கள். அவள் புருஷன் காளிராஜ் போன பங்குனியில்தான் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தான். அதாவது, 'என்னிடம் ஒன்றும் இல்லை, யாருக்கும் எதையும் திருப்பித் தர வழியில்லை, நான் திவால்' என்று கோர்ட்டில் ஐ.பி. மனுப் போட்டு, கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். அந்த வீட்டுப் பெண் வடக்கயிறு கனத்தில் கொடி பார்க்கிறாள் என்றால்?

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மதினி... நீங்க எங்க இங்கன?"

"நான் திருகாணி வாங்க வந்தேன். நீ?"

"சும்மா... மாடல் பாக்க வந்தேன்."

"மாடலா? ஏத்தா, சிவகாசியில இல்லாத மாடலா விருதுநகர்ல இருக்கு?"

"அங்கன யாராச்சும் பாத்தா வம்பு மதினி. பாதிக் கடைத்தெருவுக்கு நாங்க குடுக்கணும்லா."

"அது தெரியுதுல்ல? அப்பறம் எந்தப் பணத்துல கொடி?"

குரலைத் தாழ்த்தி, என் காதுப் பக்கம் குனிந்து சொன்னாள். "என் பி.எஃப். பணத்துல."

கடைக்காரர் தராசைத் துடைக்கிற சாக்கில் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். திருகாணி? அது யாருக்கு ஞாபகம் இருந்தது!

எதிரே ஒரு சர்பத் கடை. ரெண்டு சர்பத் சொன்னேன். அவள் குடிக்கக் குடிக்கச் சொன்னதைக் கேட்டு என் சர்பத் அப்படியே இருந்தது.

காளிராஜைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவனுக்கு இருக்கிற ஒரே வியாதி நம்பிக்கை. பட்டாசுக்கு மேலே போடுகிற அட்டைப்பெட்டி செய்து கம்பெனிகளுக்கு சப்ளை செய்துகொண்டிருந்தான். எங்கள் பக்கத்துத் தொழில் எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்... சீசன் முழுக்க சரக்கு கொடுக்க வேண்டும், பணம் தீபாவளி முடிந்து வரும். வந்தால் உண்டு. அட்டை வாங்கக் கடன், அச்சடிக்கக் கடன், ஒட்டுகிற பெண்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கடன் என்று இவன் எல்லாப் பக்கமும் வாங்கிப் போட்டான். பெரிய ஆர்டர் கொடுத்த கம்பெனி ஏதோ லைசென்ஸ் பிரச்சினையில் சீசன் நடுவில் கேட்டை இழுத்து மூடியது. ஒரு கம்பெனி பெயரை அச்சடித்துக் கட்டிவைத்த பெட்டியில் இன்னொரு கம்பெனி பெயரா போட முடியும்? அவ்வளவும் பழைய பேப்பர் கடைக்குப் போனது.

அதற்கப்புறமும் நம்பிக்கை போகவில்லை. பேத்திக்குக் காதுகுத்து வைத்து, வருகிற மொய்யில் கொஞ்சம் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். நானும் போயிருந்தேன். சாப்பாடு பிரமாதம். ஆனால் மொய் எழுதுகிற மேஜையில் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "காளிராஜ் எனக்குத் தரவேண்டியதுல இதைக் கழிச்சிக்கோங்க." ஆட்டுக்கறி சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கழித்துவிட்டுப் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அதற்கடுத்த மாதம்தான் மஞ்சள் நோட்டீஸ்.

சரி, இதில் முத்துமாரியின் பி.எஃப். எங்கே வந்தது?

"முனியசாமி அண்ணன்தான் சொன்னாக மதினி" என்றாள்.

முனியசாமி என்பவர் காளிராஜின் அக்காள் புருஷன். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வக்கீல்களின் பேப்பரை வருஷக்கணக்கில் காப்பி எடுத்து எடுத்து, அவருக்கே தான் ஒரு வக்கீல் என்ற எண்ணம் வந்துவிட்டது. சொந்தக்காரர்களில் யாருக்குச் சட்டச் சந்தேகம் என்றாலும் அவர் கடைக்குத்தான் போவார்கள். ஃபீஸ் கிடையாது, டீயும் கிடைக்கும். நம்மூரில் வைத்தியத்துக்கு மெடிக்கல் ஷாப்பும், சட்டத்துக்கு ஜெராக்ஸ் கடையும் போதும் என்று ஆகி எவ்வளவோ காலமாகிறது!

"என்ன சொன்னாரு?"

"ஐ.பி. குடுத்தா பொண்டாட்டி பேர்ல இருக்கதையும் கோர்ட்டு எடுத்துக்கிடுமாம். பி.எஃப்., பேங்க்ல கெடக்குறது எல்லாத்தையும். பொம்பளைகிட்ட ஒரே ஒரு பொருளை மட்டும் கோர்ட்டு தொடாதாம்."

"எது?"

"தாலி."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாமா, சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கோர்ட் பி.எஃப்.-ஐ எடுத்துக்கொள்ளும். தாலியைத் தொடாது. ஆகவே பி.எஃப்.-ஐ முழுசாக எடுத்து, தாலிக்கொடியாகச் செய்து, கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது. அதனால்தான் அழகு வேண்டாம், கனம் வேண்டும்! எத்தனை வருஷச் சேமிப்பை ஒரே கழுத்தில் மாட்ட வேண்டும், பாவம்.

"அறிவிருக்கா உனக்கு? பி.எஃப். முழுசா வேணும்னா வேலையை விடணுமே?"

"எழுதிக் குடுத்துட்டேன் மதினி."

"எதை?"

"வேலையை விடுறேன்னு. புதன்கெழமை. உடம்பு முடியலைன்னு எழுதச் சொன்னாக, எழுதிட்டேன். இன்னைக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். திங்கக்கெழமை மெயின் ஆபீசுக்கு அனுப்பிருவாகளாம்."

நான் எழுந்துவிட்டேன். சர்பத் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று பார்த்தார்.

ஒன்று கேட்கிறேன். பக்கத்து வீட்டில் எடுத்த சேலைக்கு நம் வீட்டுச் சேலை ஈடாகுமா என்று பத்துக் கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுக்கிறோம். வயசான காலத்துக்கென்று சேர்ந்திருக்கிற ஒரே பணம், அதை எடுப்பதற்கு முன் படித்த ஆள் ஒருத்தரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஏன் தோன்றுவதில்லை? முத்துமாரியை மட்டும் சொல்லவில்லை. எம்.ஏ. படித்தவர்களும் இதே லட்சணம்தான்.

எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். தமிழரசி என்று பெயர். பஜாரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீட்டோடு ஆபீஸ். சனிக்கிழமை மதியம், சாப்பிட உட்காரப் போனவரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். பொறுமையான மனுஷி. முழுக்கதையையும் கேட்டார். தாலிக்கொடி வந்த இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

"இங்க பாருங்கம்மா" என்று ஆரம்பித்தார். "ஐ.பி. கொடுத்தது உங்க வீட்டுக்காரர். அவர் சொத்துதான் கோர்ட் கணக்குக்கு வரும். உங்க சம்பளத்துல பிடிச்ச பி.எஃப். உங்க பணம். அவர் கடனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அண்ணன் அப்படிச் சொல்லலையே" என்றாள் முத்துமாரி.

"ஜெராக்ஸ் மெஷின் சொல்லாதும்மா" என்றேன் நான்.

வக்கீல் என்னைக் கையமர்த்திவிட்டு அவளிடம் கேட்டார். "ஒரு விஷயம் மட்டும் உண்மையைச் சொல்லுங்க. அவர் கடன் வாங்கின இடத்துல நீங்க எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா? ஜாமீன், கூட்டுக் கடன், அந்த மாதிரி?"

முத்துமாரி யோசித்தாள். "அவுக நீட்டுன எடத்துல எல்லாம் போட்டிருக்கேன்."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"'சும்மா ஒரு கையெழுத்துத்தான்'னு சொல்லுவாக."

இந்த 'சும்மா ஒரு கையெழுத்து' என்கிற வார்த்தையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, விடுங்கள். வக்கீல் பெருமூச்சு விட்டார்.

"அப்போ நான் சொல்றதை இன்னும் கவனமாக் கேளுங்க. நீங்க கையெழுத்துப் போட்ட கடன் உங்களையும் தேடி வரலாம். உங்க பேர்ல பேங்க்ல கிடக்கிற பணம், நகை, நிலம்னு எதையாவது காட்டி கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா பி.எஃப்.-ல இருக்கிற வரைக்கும் அந்தப் பணத்தை யாரும் ஜப்தி பண்ண முடியாது. ஐ.பி. வழக்குல கோர்ட் போடுற அதிகாரிக்கும் அதுல உரிமை கிடையாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. உங்ககிட்ட இருக்கிறதுலயே ரொம்ப பத்திரமான பணம் அதுதான். அதை வெளியே எடுத்து பேங்க்ல போட்ட பிறகு, மத்த பணம் மாதிரிதான். எவனும் கை வைக்கப் பார்ப்பான்."

"அப்ப தாலி?"

"தாலியைக் கழற்றச் சொல்லிக் கோர்ட் கேக்காது. சமையல் பாத்திரத்தையும் பாயையும்கூட எடுக்காது. அது வாஸ்தவம். ஆனா புருஷன் ஐ.பி. கொடுத்த பிறகு இவ்வளவு கனத்துல புதுக்கொடி போட்டுக்கிட்டு நின்னா, 'இது தாலியா, பதுக்கலா'ன்னு கடன்காரங்க கேக்கத்தானே செய்வாங்க? ஜட்ஜும் கல்யாணமானவர்தான்ம்மா. தாலிக்கொடி எவ்வளவு கனம் இருக்கும்னு அவருக்கும் தெரியும்."

பத்திரமான பெட்டியில் இருக்கிற பணத்தைக் காப்பாற்றுவதற்காக, அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைக்கப் பார்த்தார்கள். அதற்கு வேலையையும் விட வேண்டும். இன்னும் சில வருஷம் ஓட்டினால் பென்ஷன் வேறு நல்லபடியாக வரும் என்றார் வக்கீல். அதுவும் இந்தக் கூத்தில் அடிபட்டிருக்கும்.

"இப்பவே போன் போட்டு, வேலையை விடலைன்னு மேனேஜர்ட்டச் சொல்லு" என்றேன்.

"அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றாள் முத்துமாரி.

எழுதிக் கொடுக்கும்போதும் அவுகளிடம் கேட்டாகிவிட்டது, வாபஸ் வாங்கவும் அவுகளிடம் கேட்க வேண்டும்! என் பிரஷர் எங்கே போய் நின்றிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். "வா, நானும் வர்றேன்" என்று பஸ் ஏறினேன்.

சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளி நிறத்தில் மின்னியது. பட்டாசில் போடுகிற அலுமினியப் பவுடர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணிலிருந்து போகாது. பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"மதினி, கோர்ட்டுக்குப் பயந்துதான் கொடி செய்யப் போனேன்னு சொன்னேன்ல... அது மட்டும் இல்ல."

"பிறகு?"

"எங்கம்மா போட்ட கொடியை ஒரு சீசனுக்கு அடகு வச்சாக. தீபாவளி முடிஞ்சதும் திருப்பித் தாரேன்னாக. அந்தத் தீபாவளி வசூல் வரல. அடுத்த சீசனு, அதுக்கடுத்த சீசனுன்னு போயி, வட்டியில மூழ்கிருச்சு. அன்னையிலருந்து மஞ்சக்கயிறுதான். 'கவரிங் போட்டுக்கோடி'ன்னு கூட வேல பாக்குறவுக சொல்லுவாக. மனசு வரல மதினி. நம்ம கொடி வந்துரும், வந்துரும்னே இருந்துட்டேன். இன்னைக்கு அந்தக் கடையில கழுத்துல வச்சுப் பாத்தேன். ஒரு நிமிசந்தான். எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். சீசன் தொடங்கினால் நகை அடகுக்கடைக்குப் போகும், தீபாவளி வசூல் வந்தால் வீட்டுக்கு வரும். கார்த்திகையில் கழுத்தைப் பார்த்தே அந்த வருஷ வியாபாரம் எப்படி என்று சொல்லிவிடலாம். எல்லாம் தெரிந்த எனக்கே அதற்கு மேல் அவளைத் திட்ட வாய் வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எம். புதுப்பட்டியில் இறங்கி வீட்டுக்குப் போனால், காளிராஜ் வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு தகரப் போர்டுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான்!

"வாங்கக்கா, வாங்க! சாப்பிட்டீகளா? ஏ முத்து, அக்காவுக்குத் தண்ணி கொண்டா."

"என்னலே போர்டு?"

"புது யூனிட்டுக்கா. அட்டைப்பெட்டிதான். என் பேர்ல இனி ஒண்ணும் செய்ய முடியாதுல்ல, அதான் முனியசாமி அத்தான் பேர்ல. ஒரு பார்ட்டி ஆர்டர் தாரேன்னு சொல்லியிருக்காரு. வர்ற தீபாவளிக்கு அடிச்சோம்னா பழசெல்லாம் அடைஞ்சு போகும்."

திவால் ஆன ஈரம் காயவில்லை. போர்டு காய்ந்துகொண்டிருக்கிறது.

"முதலு?" என்று கேட்டேன். "அத்தான் போடுறாரா?"

"அத்தான்கிட்ட ஏதுக்கா? பேர் மட்டுந்தான் அவரு."

"பிறகு யாரு போடுவா?"

காளிராஜ் பிரஷ்ஷை டப்பாவில் முக்கினான். அவன் கண் மட்டும் ஒரு தடவை முத்துமாரியின் கழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது.

நான் பார்த்தேன். முத்துமாரியும் பார்த்தாள்.

இப்போது புரிகிறதா? பி.எஃப்.-இல் கிடக்கிற பணத்தை எந்த அடகுக்கடையிலும் வைக்க முடியாது. புருஷன் போய்க் கேட்டாலும் கிடைக்காது. அதைக் கழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டால்? கழுத்திலிருந்து அடகுக்கடைக்கு எவ்வளவு தூரம்! ஜெராக்ஸ் கடைச் சட்டத்துக்கு உள்ளே இருந்தது இதுதான். காளிராஜ் முதலிலேயே திட்டம் போட்டானா, அத்தான் ஊதிவிட்டதில் போகப் போகத் தோன்றியதா, தெரியாது. அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நம்பிக்கைக்காரர்கள் இப்படித்தான். மற்றவர்கள் பணத்தில்தான் அவர்களுக்கு விடிவுகாலம் தெரியும்.

வக்கீல் சொன்னதையெல்லாம் நான் ஒப்பித்தேன். காளிராஜ் கேட்டுக்கொண்டான். "அத்தான் வேற மாதிரியில்ல சொன்னாக..." என்று இழுத்தான். நான் கத்தத் தொடங்கும் முன் முத்துமாரி குறுக்கே வந்தாள். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கேன். உண்மையைச் சொல்லுங்க. நான் கொடி செஞ்சு போட்டா, அது என் கழுத்துலயே கெடக்குமா?"

"கெடக்காம? உன் கொடி, உன் கழுத்து."

"வர்ற சீசனுக்குக் கேக்க மாட்டீகளே?"

அவன் பிரஷ்ஷைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன், பாவி.

"ஒரே ஒரு சீசன், முத்து. கார்த்திகையில திருப்பிருவேன். சத்தியமா."

முத்துமாரி சிரித்துவிட்டாள். என்ன சிரிப்பு என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"இன்னும் செய்யவே இல்ல. அதுக்குள்ள அடகு வச்சிட்டீகளே!"

அவள் உள்ளே போனாள். சேலை மாற்றிக்கொண்டு வந்தாள், வேலைக்குக் கட்டுகிற பருத்திச் சேலை. "சனிக்கெழம சம்பளம் போட மேனேசர் கம்பெனியிலதான் இருப்பாரு. பாத்துட்டு வாரேன் மதினி" என்று செருப்பை மாட்டினாள். 'அவுககிட்ட' அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. காளிராஜ் ஒரு பக்கம் 'அட்டைப்பெட்டி' என்று எழுதி முடித்திருந்தான். மேலே எழுத முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

நானும் அவளோடு கம்பெனி கேட் வரைக்கும் போனேன். அவளுக்குக் கேட் திறந்தது. எனக்குத் திறக்கவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் கண்டவர்களும் போக முடியாது. எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மேனேஜர் முடியாது என்று சொல்லிவிட்டால்? ஏற்கெனவே மெயின் ஆபீசுக்கு அனுப்பியிருந்தால்? 'எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான், போம்மா' என்றால்? நினைக்க நினைக்க எனக்குக் கால் தரிக்கவில்லை. ஜெராக்ஸ் கடை முனியசாமியை மனசுக்குள் திட்டிய திட்டில் பாதியைக்கூட இங்கே அச்சடிக்க முடியாது.

கடைசியில் வந்தாள். கையில் அவள் எழுதிக் கொடுத்த காகிதம்.

"குடுத்துட்டாரா?"

"'உடம்பு முடியலைன்னு எழுதியிருந்தியே, இப்ப முடியுதா?'ன்னு கேட்டாரு மதினி. 'முடியுது சார், இப்பத்தான் சரியாச்சு'ன்னேன். 'சீசன் தொடங்கப் போற நேரத்துல இந்த வெளையாட்டெல்லாம் வச்சுக்கிடாத, திங்கக்கெழமை சீக்கிரம் வா'ன்னு திட்டிட்டு எடுத்துக் குடுத்தாரு."

அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, அங்கேயே போட்டுவிடாமல் மடியில் கட்டிக்கொண்டாள். கம்பெனி வாசலில் குப்பை போடக் கூடாதாம்.

நான் விருதுநகர் திரும்பி, நடந்ததை வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் "உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டு, அதற்கு நான் சொன்ன பதிலைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். அது தனிக்கதை.

இதையெல்லாம் எழுதி முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று இருந்தபோது முத்துமாரியிடமிருந்து போன். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். குரலில் ஒரு குஷி.

"மதினி, ஒரு சமாச்சாரம். கொடி வாங்கிட்டேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி! எந்தப் பணத்துல?"

"சம்பளப் பணத்துலதான். கவரிங் மதினி. நல்ல கனமா, அந்தக் கடையில பாத்தோம்ல, அதே மாடலு. இனிமே பழைய கொடி வராதுன்னு மனசுக்குத் தெரிஞ்சுபோச்சு. கண்ணாடியில பாத்தா நிசம் மாதிரியே இருக்கு."

"காளிராஜ் என்ன சொன்னான்?"

"பாத்ததும் கண்ணு விரிஞ்சிருச்சு. 'வேலையில இருந்துக்கிட்டே பி.எஃப்.ல அட்வான்சு எடுத்துட்டியா'ன்னாக. நான் வாயே தொறக்கல."

"சொல்ல வேண்டியதுதானே, கவரிங்குன்னு?"

"எதுக்கு மதினி? சீசன் வரட்டும். எடுத்துட்டுப் போயி அடகுக்கடையில உரசிப் பாக்கட்டும்!"

அன்றைக்குத்தான் எனக்கு மாத்திரை போடாமலே பிரஷர் கொஞ்சம் இறங்கியது.